முந்திப் போட்ட மொட்டை

எங்கள் வீட்டில் நான் "ஏங்க" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொன்று பூனை. பூனைக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. வைக்கலாம், வைக்கலாம் என்று இருந்தே வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு நாளைக்கு நாற்பது தடவை என் வாயிலிருந்து வருகிற சொல் அதுதான் என்பதால், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அது முடிவு செய்துகொண்டது. இரண்டு பேரில் முதலில் வந்து நிற்பதும் பூனைதான். வீட்டுக்காரர் எழுந்து வருவதற்குள் அந்த வேலையை நானே முடித்துவிட்டு, வராததற்குத் திட்டவும் ஆரம்பித்திருப்பேன்.

அவர் மலைப்பேருந்தில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "படியில நிக்காதீங்க, உள்ள ஏறிப் போங்க" என்று இந்தப் பிறவியில் பேச வேண்டியதையெல்லாம் பேருந்திலேயே பேசித் தீர்த்துவிட்டார். வீட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அந்தக் குறை கிடையாது. கொடைக்கானல் ஏரிக்குப் போகிற வழியில் ஸ்வெட்டர், குல்லா, சால்வை விற்கிற கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேரம் பேசுகிற வாய் வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா?

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கடையில் அடுக்கியிருந்த சிவப்புச் சால்வைகளுக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. கடுவன் குட்டி, சாம்பல் நிறம், வாலில் மட்டும் கறுப்பு வளையம். அந்தச் சால்வையை விற்கவும் முடியவில்லை, குட்டியை விரட்டவும் மனசில்லை. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் பார்த்தார். பூனை முடி தன் மூச்சுக்கு ஆகாது, தான் தொட மாட்டேன் என்று சொன்னார். சொன்னபடியே இருந்தார். பதினோரு வருடத்தில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அது அவர் மடியில் ஏறினால் கையை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இங்கே என் முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீற்றிக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு வயதில் இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை. கல்யாண வீடுகளில் சவுரியா என்று இழுத்துப் பார்த்தவர்கள் உண்டு. இழுத்தவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. இந்த ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் வருடத்தில் முக்கால்வாசி நாள் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கும். தினமும் காலையில் ஒரு சொம்பில் சுடுதண்ணீர் ஊற்றி, கண்ணாடிப் பாட்டிலை அதற்குள் நிறுத்தி, உருகுகிற வரை காத்திருக்க வேண்டும். பாட்டில் சொம்பில் முட்டி டங்கென்று ஒரு சத்தம் வரும். அது போதும், ஊரில் எந்தக் கூரைமேல் இருந்தாலும் எங்கள் பூனைக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஓடிவந்து என் நாற்காலியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான் முன்னால் எண்ணெய் வைக்க வைக்க, அது பின்னாலிருந்து நக்கிக்கொண்டே வரும். என் தலைக்கு வாங்கிய எண்ணெயில் பாதி பூனையின் வயிற்றுக்குத்தான் போனது. எச்சில் தலையோடு கடைக்குப் போகிறாய் என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் பாட்டில் சத்தத்துக்கு அது வரவில்லை. கட்டிலுக்கு அடியில் படுத்தபடி தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் வைத்துக்கொண்டது. தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. தூக்கினால் எலும்பு கையில் குத்தியது.

கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எங்களுக்கு முன்னால் ஏரிக்கரையில் சவாரி போகிற குதிரை ஒன்றும், வில்பட்டியிலிருந்து வந்த பசுமாடு ஒன்றும் நின்றன. அந்தக் கூட்டத்தில் என் கூடையை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. குதிரைக்காரர் உள்ளே கோழியா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும் என்பதால் சும்மா இருந்தேன். டாக்டர் நல்ல மனுஷன். வயிற்றைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார், தோலுக்கு அடியில் குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கிட்னி சுருங்கிப் போச்சும்மா. நாளைத் தள்ளலாம். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை குதிரையையும் மாட்டையும் எழுப்பி நடக்க வைக்கிறவருக்கு என் பூனையை மட்டும் சரிசெய்யத் தெரியாதா என்று வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தேன். மேலே இருப்பவரிடம் போனால்தான் காரியம் ஆகும் என்று தோன்றிவிட்டது. மேலே என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, எங்களுக்கு அவர் கீழே இருக்கிறார். ஊரெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிற பழனிமலையை நாங்கள் குனிந்து பார்த்துத்தான் கும்பிடுவோம். பனி விலகிய ஒரு காலையில் மலை முனைக்குப் போய் நின்றேன். கீழே, தூரத்தில், ஒரு கூழாங்கல் அளவுக்குப் பழனிமலை தெரிந்தது. பூனையைப் பிழைக்க வை, என் முடியை முழுசாகத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பூ முடி என்று மூன்று கத்தை கொடுத்து ஏமாற்றுகிற ஆள் நான் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பூனை எழுந்து வந்து ஒரு மத்தி மீனைத் தலையோடு தின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே பழனிக்குப் பையை எடுத்து வைத்தேன். வேண்டுதல் என்பது காரியம் கைகூடிய பிறகு செலுத்துவது. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு முழு மீன் தின்றது கைகூடியது இல்லாமல் வேறென்ன? தாமதித்தால் சாமி மனசு மாறிவிடுமோ என்ற பயம் எனக்கு. வீட்டுக்காரர் பையைப் பார்த்தார், என் பின்னலைப் பார்த்தார்.

"ரத்த ரிசல்ட் வரட்டும், அவசரப்படாத. அதோட, வேண்டுதல் பூனைக்குன்னா மொட்டையப் பூனைக்குத்தான போடணும்?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். எகத்தாளம் பேசினால் சாமிக் குத்தம் வந்துவிடும் என்று அதட்டிவிட்டு, வியாழக்கிழமை வெள்ளனே முதல் பேருந்தைப் பிடித்தேன். பூனையைப் பார்த்துக்கொள்ளுங்கள், தொட வேண்டாம், தட்டில் மீனையாவது வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கீழே இறங்க மூன்று மணி நேரம். மொட்டை போடும் மண்டபத்தில் என் பின்னலைக் கையில் எடுத்த ஆள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார், பூ முடியா, முழுசாவா என்று. முழுசாகத்தான் என்றேன். பின்னல் மடியில் விழுந்தபோது கண் கலங்கியது உண்மை. பக்கத்தில் மொட்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதுக் குழந்தை அலறிய அலறலில் யாரும் கவனிக்கவில்லை. சந்தனம் பூசிக்கொண்டு படியேறி, வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, முருகனைக் கண் குளிரப் பார்த்தேன். பஞ்சாமிர்தம் பத்து டப்பா வாங்கினேன். திரும்பி வருகிற பேருந்தில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் என் பூனை பிழைத்த கதையைக் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த அம்மா வாந்தி எடுத்தது வளைவுகளால்தான், என்னால் இல்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசனை மூக்கில் அடித்தது. பாட்டில் மூடி திறந்து கிடந்தது. என் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வீட்டுக்காரர் தலையில் மிச்சமிருக்கிற முடி மண்டையோடு ஒட்டிப் பளபளத்தது. மூன்று மணி நேரம் மலையேறி வந்த களைப்பில் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ. ஆளில்லாத நேரம் பார்த்து அபிஷேகம் நடத்தினீர்களா, அந்தத் தலைக்கு எதற்கு இவ்வளவு எண்ணெய் என்று பிடித்துக்கொண்டேன். காற்றுக்குத் தலை வறண்டது என்று மட்டும் சொல்லிவிட்டு உறையைக் கழற்றித் துவைக்கப் போய்விட்டார்.

பூனைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முதுகை வளைத்துச் சீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "ஏங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தது. சந்தனத் தலையை முகர்ந்து பார்த்தது. பிறகு நக்கியது. சிரைத்த தலையில் பூனை நாக்கு படுவது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கும், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நக்கிவிட்டு, என் முதுகுப் பக்கம் போய் எட்டிப் பார்த்தது. பின்னலைத் தேடுகிறது என்று எனக்குப் புரிந்தது. வளர்ந்துவிடும், பொறு என்றேன்.

அது பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் சாப்பிடவில்லை. சனிக்கிழமை டாக்டர் வீட்டுக்கே வந்து குளுக்கோஸ் ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஜன்னலில் விழுகிற நேரத்தில், அந்தப் பழைய சிவப்புச் சால்வையில், என் மடியில் உயிரை விட்டது.

நான் அழுத அழுகையைப் பற்றி எழுதப் போவதில்லை. புதைத்ததைப் பற்றிச் சொல்கிறேன். பின்பக்கத்துப் பிளம்ஸ் மரத்தடியில் குழி வெட்டலாம் என்று சால்வையோடு கதவைத் திறந்தால், மரத்தடியில் ஒரு காட்டெருமை நிற்கிறது. எங்கள் ஊரில் இது புதிதில்லை, இவை இப்போதெல்லாம் கடைவீதி வரைக்கும் வருகின்றன. ஆனால் அது அன்றைக்கென்று போகவே மாட்டேன் என்று நின்றது. ஒரு மணி நேரம் நான் பூனையை ஏந்தியபடியும் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் பிடித்தபடியும் வாசற்படியில் நின்றோம். கடைசியில் அவர் தன் பழைய விசிலை எடுத்து வந்து இரண்டு தடவை ஊதினார். முப்பது வருடப் பழக்கம், பேருந்தைக் கிளப்புகிற அதே விசில். எருமை மெதுவாகத் திரும்பி நடையைக் கட்டியது.

அதற்குப் பிறகுதான் என் தலை எனக்கு எதிரியானது. இந்தப் பக்கத்தில் மொட்டைத் தலை என்றால் நல்ல செய்தி. பழனியில் வேண்டுதல் நிறைவேறியிருக்கிறது என்று பார்த்தவுடன் சிரிப்பார்கள், பிரசாதம் எங்கே என்று கையை நீட்டுவார்கள். வேறு ஊரில் அழுகிறவளுக்கு யாராவது ஆறுதல் சொல்வார்கள். எனக்கு ஊரே வாழ்த்துச் சொன்னது. திங்கட்கிழமை கடையைத் திறந்து, பத்து டப்பா பஞ்சாமிர்தத்தையும் ஸ்பூன் ஸ்பூனாகப் பங்கு வைத்தேன். என்ன வேண்டுதல், வெளியூரில் இருக்கிற மகனுக்குக் கல்யாணம் கூடிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டார்கள். பூனைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் அவர்களை நான் என்ன செய்வேனோ, அதுவும் எனக்குத் தெரியாது.

தலையை மறைக்க என் கடைக் குல்லாவையே போட்டுக்கொண்டேன். காதுவரை மூடுகிற, உச்சியில் பூப்பந்து வைத்த நீலக் குல்லா. சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, தொங்கவிட்டிருந்த இருநூறு குல்லாவையும் விட்டுவிட்டு, நான் போட்டிருந்ததுதான் வேண்டும் என்று அரை மணி நேரம் பேரம் பேசினார். சரி சனியன் என்று கழற்றிக் கொடுத்தேன். தலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விட எனக்கு மனசே வரவில்லை. என் பூனைக்காக எனக்குக் கிடைத்த முதல் துக்க விசாரிப்பு அதுதான், அந்த அம்மாவுக்கு அது தெரியாவிட்டாலும்.

பக்கத்துக் கடைக்காரி சோளக்கதிர் சுட்டு விற்கிறவள். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள், எதையும் தோண்டித் துருவாமல் விடமாட்டாள். அவள் தொல்லை தாங்காமல் முழங்கால் வலிக்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்லிவைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். முழங்கால் சரியாகிவிட்டது என்று ஆனதும், கீழ் ரோட்டிலிருந்து சோள மூட்டை தூக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு உண்மையிலேயே முழங்கால் வலி உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது படி ஏறினேன், ஆறு மாதம்.

ஆறாவது மாதம் ஒரு நாள் அவள் தன் கொண்டையை அவிழ்த்துக் காட்டி, தனக்கும் முழங்கால் போய்விட்டது, வருகிற கார்த்திகைக்குப் பழனியில் முழு மொட்டை போடப் போகிறேன் என்றாள். உங்களுக்கு இப்படிக் கை மேல் பலன் கிடைத்திருக்கிறதே என்றாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பூனையிலிருந்து பஞ்சாமிர்தம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கதிரைத் திருப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"முட்டுக்குன்னு வேண்டியிருந்தா முட்டாவது சரியாயிருக்கும்லக்கா."

நான் சிரித்தேன். ஆறு மாதத்தில் முதல் தடவையாக வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்து நல்ல கதிராக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, குரலை இறக்கினாள்.

"நீங்க பழனிக்குப் போன அன்னைக்கு அது தனியாவா கெடந்துச்சு?"

கதிரைக் கீழே வைத்தேன். ஆறு மாதமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். வேண்டுதல் பலிக்கவில்லை என்ற கோபத்தை முருகனிடம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டேன், அவரே ஆண்டி, அவரிடம் என்னத்தை வாங்க முடியும். முடி வளர்ந்துவிடும். ஆனால் என் பூனைக்கு மிச்சமிருந்தது நாலே நாள். அதில் ஒரு முழு நாளை நான் வரிசையில் நின்று தொலைத்தேன். அன்றைக்குக் காலையில் அது நாற்காலி முதுகில் ஏறி, எண்ணெய்க்காக உட்கார்ந்து பார்த்திருக்குமோ? தொடாத மனுஷனோடு அதை விட்டுவிட்டுப் போனேனே.

வீட்டுக்காரர் இருந்தார் என்று சொல்லிவிட்டுக் கடையை வெரசாக அடைத்தேன்.

மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தேன். முடி ஒரு விரல் நீளம் வந்திருந்தது, பாதி வெள்ளை. ஆறு மாதமாக நான் எண்ணெய் பாட்டிலைத் தொடவில்லை, மொட்டையில் வைக்க என்ன இருக்கிறது என்ற சாக்கில். அன்றைக்கு எடுத்தேன். சொம்பில் சுடுதண்ணீர் ஊற்றிப் பாட்டிலை நிறுத்தினேன். டங்கென்று சத்தம் வந்தது. நான் என்னையும் அறியாமல் கதவைப் பார்த்தேன். திரும்பினால், பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏங்க என்றேன். ஒருவர் மட்டும் எழுந்து வந்தார்.

அன்றைக்கு அது என்ன செய்தது என்று கேட்டேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. நீ போனதிலிருந்து நாற்காலியைவிட்டு இறங்கவில்லை, மீன் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றார். பிறகு அதைத் தூக்கினாராம். தூக்கி, எங்கள் கட்டிலில் என் தலையணைமேல் விட்டாராம். பாட்டில் எண்ணெயை உருக்கித் தன் தலையில் ஊற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டாராம்.

"பொழுது பூரா நக்குச்சு. என் தலையில என்ன கெடக்கு, பத்து முடி. பத்தையும் விடாம நக்குச்சு."

தலையணை உறைக்காக அன்றைக்கு அவரைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தொட மாட்டேன்னு சொல்லியிருந்தேன்ல என்றார். மூச்சுக்கு ஆகவில்லையா என்றேன். ஒரு வாரம் இழுத்தது என்றார்.

நான் அழுது முடிப்பதற்குள் சொம்புத் தண்ணீர் ஆறி, எண்ணெய் மறுபடியும் உறையப் பார்த்தது. வேறு தண்ணீர் காய்ச்சி ஊற்றினேன். அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பின்னால் நின்று, அந்தப் பத்து முடிக்கும் எண்ணெய் வைத்துவிட்டுத்தான் என் தலையில் வைத்துக்கொண்டேன்.